வெள்ளை அணுக்களும் இரத்த வகையும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

என் இரத்த வகை ஓ பாசிட்டிவ். டோட்டல் கவுண்ட் (வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை) 3,800. ஓ வகையினருக்குக் குறைவாகத்தான் இருக்குமா? (வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்)

இல்லை. ஏ, பி, ஓ வகைகளைக் கொண்டு வெள்ளை அணுக்களின் இயல்பு அளவை யாரும் மாற்றிக் கணக்கிடுவதில்லை. அண்மையில் வைரஸ் காய்ச்சல் வந்திருந்தால் கவுண்ட் சற்று இறங்குவது வழக்கம்தான். சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்து, பழைய அறிக்கைகளோடு ஒப்பிடுங்கள்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் நைஜீரிய மாணவருக்கு டோட்டல் கவுண்ட் 3,200, அதில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு வகை 38 சதவீதம். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை தேவையா? (வாசகர், அழகாபுரம், சேலம்)

3,200-இல் 38 சதவீதம் என்றால் 1,216. ஆய்வகத் தாள் 1,500-க்குக் கீழே இருப்பதையெல்லாம் குறைவு என்றே குறிக்கும். ஆனால் சிவப்பணுவின் மேல் இருக்கும் டஃபி என்ற புரதத்தைக் கொண்டும் ஓர் இரத்த வகை உண்டு. 1950-இல் கண்டறியப்பட்ட அந்த வகையில், சிவப்பணுவில் டஃபி இல்லாத நிலையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு, நியூட்ரோஃபில்கள் இரத்தத்தில் குறைவாகத் தென்பட்டாலும் மஜ்ஜை அவற்றைச் சரியாகவே உற்பத்தி செய்கிறது, நோய்த்தொற்றும் கூடுவதில்லை. வைவாக்ஸ் மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைய முக்கிய வாசலே இந்த டஃபிதான்; அது இல்லாதவர்களை அக்கிருமி எளிதில் தாக்காது என்பதால், மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலோர் டஃபி இல்லாதவர்களே. ஆகவே, மற்ற அணுக்கள் சரியாக இருந்து, அந்த மாணவர் அடிக்கடி நோயுறாதவராகவும் இருந்தால், ஊசியை இடுப்பெலும்பில் இறக்குவதற்கு முன் டஃபி வகையைப் பார்க்கச் சொல்வேன். நியூட்ரோஃபில்களைக் குறைக்கக்கூடிய குளோசபின் என்ற மனநோய் மாத்திரைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015-இல் இத்தகையோருக்குத் தனி வரம்பே வகுத்தது. வேறொரு மக்களின் அளவுகோலால் இவர்களை நோயாளிகளாக்குவது எனக்கு ஏற்புடையதல்ல.

ஏற்காட்டின் உயரம் வெள்ளை அணுக்களைக் குறைக்குமா? (தோட்டத் தொழிலாளி)

குறைக்காது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஹீமோகுளோபின்தான் சற்று உயரலாம்.

எனக்கு நியூட்ரோஃபில் 1,100. நானும் டஃபி இல்லாதவளாக இருக்கலாமா? (வாசகி, ஆத்தூர்)

தமிழ்நாட்டில் அது அரிது. அந்தக் காரணத்தைச் சொல்லி விட்டுவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைபாட்டையும், நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளையும் முதலில் பாருங்கள். தைராய்டு மிகைக்கான கார்பிமசோல் மாத்திரையும் சிலருக்கு இவ்வணுக்களைக் குறைக்கலாம்; அதைச் சாப்பிடும்போது தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால், அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரிடம் சென்று கவுண்ட் பாருங்கள்.