ஏமாந்தீர்கள், சரி. அவர் ஏமாற்றினாரா?

கேள்வி: கல்லூரி நாட்களிலிருந்து ஒரே எழுத்தாளரை விடாமல் படித்து வருகிறேன். அவருடைய எல்லாப் புத்தகங்களும் என் அலமாரியில் இருக்கின்றன. ஆறு வருடம் காத்திருந்து வாங்கிய அவருடைய புதிய நாவல் பாதிக்கு மேல் நகரவில்லை. நண்பர்கள் கேட்டபோது, அவரைக் குறை சொல்ல மனசு வராமல் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர் எங்களை ஏமாற்றிவிட்டார் என்றே தோன்றுகிறது. இனி அவரைப் படிக்கலாமா, விட்டுவிடலாமா?

பதில்: நாவல் எப்படியோ போகட்டும். நண்பர்களிடம் 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னீர்கள் பாருங்கள், அதில்தான் எனக்கு வருத்தம். உங்கள் பேச்சை நம்பி, அவரை இதுவரை படித்திராத ஒரு நண்பர் இந்தப் புத்தகத்தை எடுப்பார். நாற்பதாவது பக்கத்தில் மூடி வைப்பார். 'இவரையா இத்தனை வருடம் கொண்டாடினாய்?' என்று உங்களிடம் கேட்கக்கூட மாட்டார். அவருடைய நல்ல நாவல்கள் பக்கம் போகாமலே இருந்துவிடுவார். உங்கள் எழுத்தாளருக்கு வந்திருக்க வேண்டிய ஒரு வாசகரை உங்கள் விசுவாசமே விரட்டிவிட்டது. அந்த நண்பரைக் கூப்பிட்டு, 'அன்று சொன்னது பொய், நீ அவருடைய முதல் நாவலில் இருந்து தொடங்கு' என்று சொல்லுங்கள். என் பதிலின் மிச்சத்தை அப்புறம் படித்தால் போதும்.

அடுத்து, 'ஏமாற்றிவிட்டார்' என்கிறீர்கள். தமிழில் இந்தச் சொல் கொஞ்சம் ஆபத்தானது. எதிர்பார்த்தது கிடைக்காவிட்டாலும் ஏமாற்றம்தான், ஒருவர் வஞ்சித்தாலும் ஏமாற்றியதுதான். முதலாவதைச் சொல்ல வந்து, நமக்குத் தெரியாமலே இரண்டாவது குற்றத்தைச் சுமத்திவிடுகிறோம். நீங்கள் ஏமாந்தீர்கள், அதில் சந்தேகமே இல்லை. அவர் ஏமாற்றினாரா என்பது தனி விசாரணை.

ஹெர்மன் மெல்வில் 1846-ல் 'டைப்பீ' என்ற முதல் புத்தகத்தை வெளியிட்டார். தென்கடல் தீவு ஒன்றில் தான் இருந்த நாட்களை வைத்து எழுதிய சாகசக் கதை. வாசகர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவரிடம் இதே மாதிரிக் கதைகளையே எதிர்பார்த்தார்கள். 1851-ல் 'மோபி டிக்' வந்தது. கடல் சாகசம் தேடிப் போனவர்களுக்குத் திமிங்கிலங்களின் வகைகளைப் பற்றி ஒரு நீண்ட அத்தியாயம், திமிங்கிலத்தின் வெண்மையைப் பற்றி மட்டும் இன்னொரு அத்தியாயம் என்று கிடைத்தது. புத்தகம் சரியாகப் போகவில்லை. பிற்பாடு மெல்வில் நியூயார்க் சுங்கத்துறையில் 19 வருடம் ஆய்வாளராக வேலை பார்த்தார். 1891-ல் அவர் இறந்தபோது அவரைக் கிட்டத்தட்ட எல்லோரும் மறந்திருந்தார்கள். 1920-களில்தான் உலகம் அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. 1851-ல் அதை மூடி வைத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுடைய ஏமாற்றம் நிஜம்தான். ஆனால் மெல்வில் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் கப்பலேறிப் போய்விட்டார், அவர்கள் பழைய துறைமுகத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். இருபது வயதில் நான் உயிரை விட்டுப் படித்த ஒருவருடைய நாவலில் ஓர் அம்மா வருவாள். மகன் வீடு திரும்பாத இரவில் ஜன்னலோரம் நின்று கம்பியின் துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருப்பாள். அழுதாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. விடிந்ததும் அடுப்படிக்குப் போவாள், நகக்கண்ணில் துரு இருக்கும். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு ஒரு நாள் பிடித்தது. பல வருடம் கழித்து அவருடைய புதிய நாவலைக் கையில் எடுத்தேன். முதல் அத்தியாயத்தின் முடிவில் ஒருவர் ஜன்னலோரம் பேசாமல் நின்றார். எனக்குப் பழைய ஆளைப் பார்த்த சந்தோஷம். மூன்றாம் அத்தியாயத்தின் முடிவிலும் ஒருவர் நின்றார். ஐந்தாவதில் நின்றபோது பென்சிலை எடுத்து ஓரத்தில் கோடு போட ஆரம்பித்தேன். முடிக்கும்போது ஒன்பது கோடு. வக்கீல், டாக்டர், பத்து வயதுப் பையன், யாருக்குத் துக்கம் வந்தாலும் ஜன்னல்தான். துரு மட்டும் எங்கேயும் இல்லை. அந்த அம்மாவை அவர் பார்த்து எழுதியிருந்தார், இவர்களைப் பழக்கத்தில் எழுதிவிட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை, நெஞ்சு கனத்தது. பிரதி திருத்தும் வேலையில் இருப்பவன் என்பதால் இன்னொன்றும் தோன்றியது: பெயர் பெற்றவரின் பிரதியில் கை வைக்க எங்களுக்குக் கூசும். முதல் நாவலில் பத்துப் பக்கம் வெட்டச் சொல்லும் ஆள், பத்தாவது நாவலில் எழுத்துப் பிழையோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த ஒன்பது கோட்டில் எங்கள் ஆட்களுக்கும் பங்கு உண்டு.

ஆக, நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது இதுதான்: அவர் மாறியதால் ஏமாந்தீர்களா, மாறாமல் நின்றதால் ஏமாந்தீர்களா? மாறியவர் என்றால் கொஞ்சம் பொறுங்கள், ஒரு வருடம் விட்டுத் திரும்ப எடுங்கள். தன்னையே நகலெடுத்திருக்கிறார் என்றால் தயங்காமல் வெளியில் சொல்லுங்கள். உங்களைப் போல முழுக்கப் படித்தவர் சொன்னால்தான் அது நகல் என்று தெரியும். புதிதாக வருபவருக்கு அது கண்ணில் படாது.

உண்மையிலேயே வஞ்சனை என்று சொல்லத்தக்கதும் நடப்பதுண்டு. பெரும்பாலும் அது நடப்பது அட்டையிலும் விளம்பரத்திலும். ஹார்ப்பர் லீ 1960-ல் வெளியிட்ட 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலின் அட்டிகஸ் ஃபிஞ்ச், இனவெறிக்கு எதிராக நீதிமன்றத்தில் நின்ற வக்கீல். 2015-ல் லீயின் இன்னொரு நாவல் வந்தது. அதில் வயதான அட்டிகஸ் நிறப் பாகுபாட்டை ஆதரித்துப் பேசுவதைப் படித்துப் பலர் மனமுடைந்து போனார்கள். அது பிறகு எழுதியது அல்ல, முதல் நாவலுக்கும் முன்பே எழுதி வைத்த பழைய பிரதி. ஆனால் புது நாவல் போலத்தான் விற்பனைக்கு வந்தது. அது சரியில்லை என்று சொல்லி, அமெரிக்காவில் ஒரு புத்தகக் கடை தன்னிடம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. உங்கள் நாவலின் பின்னட்டையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அங்கே வாக்குக் கொடுத்தது எழுத்தாளரா, பதிப்பகமா?

படிக்கலாமா, விடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஹெமிங்வே பத்து வருட இடைவெளிக்குப் பிறகு 1950-ல் ஒரு நாவல் வெளியிட்டார். விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள், ஆள் முடிந்துவிட்டார் என்று எழுதினார்கள். இரண்டே வருடத்தில் 'கடலும் கிழவனும்' வந்தது. 1954-ல் நோபல் பரிசு. 1950-லேயே அவரை அலமாரியில் இருந்து இறக்கியவர்கள் அந்தக் கிழவரைத் தவறவிட்டிருப்பார்கள். எல்லோருக்கும் இப்படி ஒரு மீட்சி கிடைப்பதில்லை என்பதும் உண்மை. அதனால் விட்டுவிடாதீர்கள், வெளியான அன்றே ஓடிப் போய் வாங்கவும் வேண்டாம். அடுத்த புத்தகம் வரும்போது கடையில் நின்றபடி நடுவில் நாலு பக்கம் படியுங்கள். அட்டையில் அவர் பெயர் இல்லாவிட்டால் இதை வாங்குவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரும் பதில் போதும்.

ஒரே ஒரு விஷயத்தில் உங்களிடம் கண்டிப்பாக இருக்கிறேன். பாதியில் நிறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பாதி படித்துவிட்டு முழு நாவலுக்கும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 'இந்தப் பக்கத்தோடு நிறுத்தினேன், காரணம் இது' என்று சொல்லுங்கள், அது நேர்மை. அப்படியே ஒரு பக்கம் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். எங்கே கை நின்றது, அதற்கு முன் எந்த வரியில் மனசு விலகத் தொடங்கியது என்று பக்க எண் போட்டு எழுதுங்கள். அவருடைய பெயரோடும் உங்கள் பெயரோடும் அடுத்த இதழில் போடுகிறேன்.