வில்லோ திட்டம்: முடிவு எப்போது எடுக்கப்பட்டது?

அன்புள்ள ஐயா,

ஆர்க்டிக் எண்ணெய் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒன்று விளங்கவில்லை. அரச நிலத்தில் புதிதாக எண்ணெய் தோண்ட விடமாட்டேன் என்று தேர்தலில் சொன்ன பைடன், 2023 மார்ச்சில் அலாஸ்காவில் எண்ணெய் தோண்டும் வில்லோ திட்டத்துக்கு அனுமதி கொடுத்தார். அப்படியென்றால் சுற்றாடல் ஆய்வு, பொதுமக்கள் கருத்து எல்லாம் வெறும் சடங்குதானா? கம்பனிகள்தான் முடிவெடுக்கின்றனவா? அதோடு, 2022இல் பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்ற நாங்கள், இன்னொரு நாடு எண்ணெய் எடுக்கக்கூடாது என்று சொல்வது நியாயமா?

ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

சடங்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாங்கள் எல்லாரும் கவனிக்கத் தொடங்கும்போது முடிவின் பெரும்பகுதி எடுத்தாகிவிட்டிருக்கும். குத்தகை கொடுக்கும் நாளில் யாரும் ஊர்வலம் போவதில்லை.

வில்லோ இருக்கும் நிலம் 1923இல் அமெரிக்கக் கடற்படைக்கு எண்ணெய் வேண்டும் என்று ஒதுக்கப்பட்டது. கொனக்கோபிலிப்ஸ் கம்பனி அங்கே குத்தகைகளை வாங்கியது பைடன் ஜனாதிபதியாவதற்குப் பல வருடங்களுக்கு முன்பு. குத்தகை ஓர் ஒப்பந்தம். அடியோடு மறுத்தால் கம்பனி வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கும் என்ற பயம் அரசுக்கு இருந்தது. அதனால் பேச்செல்லாம் நிபந்தனைகளைப் பற்றியதாகவே இருந்தது. கம்பனி கேட்ட 5 துளையிடும் தளங்களில் 3 கிடைத்தன. சுமார் 68,000 ஏக்கர் குத்தகையைக் கம்பனி திருப்பிக் கொடுத்தது.

இடையில் நீதிமன்றமும் தலையிட்டது. டிரம்ப் காலத்தில், 2020இல் கொடுத்த முதல் அனுமதியை 2021 ஓகஸ்டில் அலாஸ்காவின் கூட்டாட்சி நீதிமன்றம் இரத்துச் செய்தது. இந்த எண்ணெயால் வெளிநாடுகளில் எரிபொருள் பாவனை எப்படி மாறும், அதனால் எவ்வளவு புகை கூடும் என்பதை ஆய்வில் சேர்க்கவில்லை என்பது ஒரு காரணம். ஆய்வைத் திருத்தினார்கள், அனுமதி திரும்ப வந்தது. சுற்றாடல் ஆய்வைக் கட்டாயமாக்கும் சட்டம் அரசிடம் கேட்பது விளைவுகளைப் பார்த்துவிட்டு முடிவெடு என்பதை மட்டும்தான். பார்த்தபின் வேண்டாம் என்று சொல்லும்படி அது கட்டாயப்படுத்துவதில்லை.

உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள் என்று நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மிக அருகில் இருக்கும் நுயிக்சுட் கிராமத்தின் தலைவர்கள் எதிர்த்தது உண்மை. அவர்கள் உண்பது கரிபூ மான் இறைச்சி. மந்தையின் வழி மாறினால் அடுப்பில் வைக்க எதுவும் இருக்காது. ஆனால் அந்தக் கிராமம் அடங்கிய நோர்த் ஸ்லோப் பிரதேச சபை திட்டத்தை ஆதரித்தது. அங்கேயும் தலைமையில் இருப்பது அந்தப் பகுதியின் பூர்வீகக் குடிகளான இனுப்பியாட் மக்களே. பள்ளிக்கூடம், மருத்துவ வசதி எல்லாம் எண்ணெய் வரியில் நடக்கின்றன. ‘உள்ளூர்’ என்று எவ்வளவு பெரிய வட்டம் போடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. என் மனம் நுயிக்சுட் பக்கம்தான், ஏனென்றால் புகையைச் சுவாசிக்கப் போவது அவர்கள். மற்றவர்களை விலைபோனவர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

கம்பனிகள்தான் முடிவெடுக்கின்றனவா என்று கேட்டீர்கள். நோர்வேயைப் பாருங்கள். அங்கே எண்ணெய் இலாபத்தில் 78 சதவீதம் வரியாக அரசுக்குப் போகிறது. பெரிய கம்பனியான ஈக்வினோரில் பெரும்பங்கு அரசினுடையது. அனுமதி கொடுக்கும் கையே பணம் வாங்கும் கையாகவும் இருக்கிறது. 2016இல் நோர்வேக்கு வடக்கே பேரண்ட்ஸ் கடலில் கொடுத்த அனுமதிப்பத்திரங்களை எதிர்த்துச் சுற்றாடல் அமைப்புகள் வழக்குப் போட்டன. நல்ல சுற்றாடலுக்கான உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 112ஆம் பிரிவே அவர்களின் ஆதாரம். 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் 11க்கு 4 என்று அரசின் பக்கம் நின்றது. ஏற்றுமதியான எண்ணெய் எரியும்போது வரும் புகையைப் பிறகு, உற்பத்தித் திட்டத்தை அங்கீகரிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 2025 ஒக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் நோர்வே மீறல் எதுவும் செய்யவில்லை என்றே தீர்ப்பளித்தது.

இந்த ‘பிறகு’வை என்னால் ஏற்கவே முடியவில்லை. கிணறு தோண்டி, எண்ணெயைக் கண்டு, கோடிக்கணக்கில் செலவழித்தபின் எந்த அமைச்சர் வேண்டாம் என்று எழுதுவார்? கடலைத் திறந்துவிடும்போதே கணக்குப் பார்த்திருக்க வேண்டும் என்று மாறுபட்ட நான்கு நீதிபதிகளும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி.

அந்தாட்டிக்கா சுரங்க வேலையிலிருந்து தப்பியதற்கும், தோண்டத் தொடங்கும் முன்பே முடிவெடுத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். சுரங்க வேலையை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தம் ஒன்று 1988இல் வெலிங்டனில் தயாராகிவிட்டது. அடுத்த மார்ச்சில் எக்ஸோன் வால்டிஸ் கப்பல் அலாஸ்காக் கரையில் எண்ணெயைக் கொட்டியது. அதே வருடம் அவுஸ்திரேலியாவும் பிரான்ஸும் கையொப்பமிட மறுத்தன. 1991இல் மாட்ரிட் நெறிமுறை கனிம வேலையையே தடை செய்தது. அப்போது அங்கே யாரிடமும் குத்தகை இல்லை, நஷ்டஈடு கேட்க ஆளும் இல்லை. 2021இல் கிறீன்லாந்து புதிய அனுமதிகளை நிறுத்தியபோதும் ஏற்கெனவே கொடுத்தவற்றைத் தொடவில்லை.

சரி, எங்கள் வரிசைக்கு வருவோம். 2022இல் எங்களிடம் இல்லாதது டொலர். உலகத்தில் எண்ணெய் இருந்தது. அலாஸ்காவில் இன்னும் பத்து வில்லோ இருந்திருந்தாலும் எண்ணெய் கொண்டுவரும் கப்பலுக்குக் கொடுக்க எங்களிடம் காசு இருந்திருக்காது. கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பல் எரிந்ததும் அதற்கு முந்தைய வருடம்தான், கரை முழுக்கப் பிளாஸ்டிக் மணிகளை அள்ளினோம். பாதிப்பைப் பற்றிப் பேச எங்களுக்கு நிறையவே உரிமை இருக்கிறது.

இன்னொன்று. மன்னார்க் கடலடியில் 2011இல் எரிவாயு கண்டார்கள், அது இன்னும் கீழேதான் இருக்கிறது. என்றோ ஒருநாள் அந்தக் கடலைத் துண்டுபோட்டு விலைமனுக் கோருவார்கள். மீனவர் சங்கங்களை அதற்கு முன்பே கூப்பிட்டுப் பேசினார்களா என்று அப்போதே கேட்க வேண்டும். மன்னாரில் உங்களுக்கு ஆட்கள் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து கேட்போம்.

அன்புடன்.