மாடிப்படி ஏறுவதும் கணக்கில் சேருமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 48. கணக்குப் பிரிவில் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பேன். மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1 என்று வந்திருக்கிறது. மாத்திரை வேண்டாம், தினமும் 45 நிமிடம் நடங்கள் என்றார்கள். நான்கு நாள் நடந்தேன், அப்புறம் விட்டுப்போயிற்று. மாடிப்படி ஏறுவது, வீடு துடைப்பது, கடைக்கு நடந்து போவது இதெல்லாம் உடற்பயிற்சியில் சேருமா?

பதில்: சேரும். முன்பெல்லாம் இப்படி ஒரே வார்த்தையில் சொல்லத் தயங்குவேன், கொஞ்சநஞ்சம் நடப்பதையும் விட்டுவிடுவார்களோ என்ற பயம்தான். உலக சுகாதார நிறுவனமும் 2010-ல், தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று சொன்னது. 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். அதை இரண்டு நிமிடம், ஐந்து நிமிடமாகச் சேர்த்தாலும் சரி.

ஆனால் எல்லா அசைவுக்கும் ஒரே மதிப்பெண் கிடையாது. செய்யும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு. தரையை அழுத்தித் துடைத்தால் பலருக்கு அந்த அளவு வரும், அலமாரியில் தூசி தட்டினால் வராது.

மாடிப்படியைக் கேட்டீர்கள். 1953-ல் லண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ் ஊழியர்களின் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மேலும் கீழும் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்கு வந்தார்களோ என்ற சந்தேகத்தில் சீருடையின் இடுப்பளவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களுக்கு இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒல்லியானவர்களை ஒல்லியானவர்களோடு ஒப்பிட்டபோதும் கண்டக்டர்களே மேல். அவர்கள் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்துப் படியேறவில்லை!

இனி உங்கள் 6.1-க்கு வருவோம். இது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இன்சுலின் வந்து கதவைத் தட்டுகிறது, தசை சரியாகத் திறப்பதில்லை. ஆனால் சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமல் தானாகவே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உடம்பில் இது இரண்டாவது வாசல், உங்களுக்கு இன்னும் நன்றாகவே திறந்திருக்கிறது. அதனால் எவ்வளவு நடக்கிறீர்கள் என்பதோடு எப்போது நடக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். சாப்பிட்ட பிறகுதான் சர்க்கரை ஏறும், அந்த நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஏற்றம் மட்டுப்படும். மூன்று வேளையும் முடியாவிட்டால், அதிகம் சாப்பிடும் வேளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலை நடையை வீண் என்று சொல்லவில்லை, அதன் பலன் ஒரு நாள் வரை நிற்கும். உங்களுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். போனில் பேசும்போது உட்காராதீர்கள். என்னுடையதும் நாற்காலித் தொழில்தான். அடுத்தவரை மணி அடித்துக் கூப்பிடாமல் நானே போய்க் கதவைத் திறக்கிறேன். உதவியாளருக்கு முதலில் இது வினோதமாக இருந்தது, இப்போது பழகிவிட்டார்.

வீட்டு வேலையால் ஈடுகட்ட முடியாதது ஒன்று உண்டு, தசை வலிமை. அதற்கு வாரம் இரண்டு நாள் தனியாக ஒதுக்குங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து உட்கார்வதில் தொடங்கலாம். முழங்கால் வலி இருந்தால் படியேறுங்கள், இறங்குவதற்கு லிஃப்ட் இருக்கட்டும். ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, தலைசுற்றலோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனையை எடுங்கள். அது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அவசரப்பட்டு அடுத்த மாதமே எடுத்தால் நடக்கத் தொடங்குவதற்கு முந்தைய சர்க்கரையும் சேர்ந்துதான் ரிப்போர்ட்டில் வரும்.