கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவுவது எப்படி?

"அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் நாம் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனித்து" என்னும் எபிரெயர் 10:24 நடைமுறையில் எதைக் கேட்கிறது என்று வினவியிருக்கிறீர்கள்.

கவனிப்பதிலிருந்துதான் ஏவுதல் பிறக்கிறது. இந்த நிருபத்தைப் பெற்றவர்கள் விசுவாசத்தினிமித்தம் நிந்தைகளையும் ஆஸ்திகளின் இழப்பையும் சகித்தவர்கள் (10:32-34). சிலர் சபை கூடிவருவதையே விட்டிருந்தார்கள். அவ்வாறு சோர்ந்தவர்களிடம் பொதுவான அறிவுரை எடுபடாது. யார் எதனால் தளர்ந்திருக்கிறார், எவரிடம் எந்த வரம் பயன்படாமல் கிடக்கிறது என்பதை அறிந்தவரே பொருத்தமாகப் பேச முடியும்.

ஆதிச் சபையின் ஊழியர்களில் ஒருவரான பர்னபாவை இதற்கு மிகச் சிறந்த முன்மாதிரியாகக் கருதுகிறேன். முன்பு விசுவாசிகளைத் துன்புறுத்திய சவுலுக்கு (பின்னாளில் பவுல்) எருசலேமின் சீடர்கள் அஞ்சியபோது, அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்று அவருக்காகப் பேசியவர் பர்னபாவே (அப்போஸ்தலர் 9:26-27). பின்பு அந்தியோகியாவில் விசுவாசிகள் பெருகியபோது, தர்சு பட்டணம்வரை சவுலைத் தேடிப்போய் அழைத்துவந்து, ஒரு வருடம் முழுவதும் அவரோடு சேர்ந்து போதித்தார் (11:25-26). ஊழியம் செய்யும்படி சொல்லிவிட்டு ஒதுங்காமல், அதற்கான இடத்தைத் தந்து உடன் நின்றார்.

இன்றும், நோயாளிகளைச் சந்திக்கச் செல்பவர் தயங்கி நிற்கும் ஓர் இளைஞரிடம், "ஆராதனை முடிந்ததும் என்னோடு வாங்க தம்பி, இன்றைக்கு நீங்களே ஜெபம் பண்ணுங்க" என்று அழைத்தால், பல பிரசங்கங்கள் செய்யாததை அந்த அழைப்பு செய்யும். குற்ற உணர்வைக் கிளறி வேலை வாங்குவது இதில் சேராது. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான காணிக்கையைப்பற்றி எழுதுகையில் மக்கெதோனியரின் தாராளத்தை எடுத்துக்காட்டிய பவுலும், தாம் அதைக் கட்டளையாகச் சொல்லவில்லை என்று தெளிவுபடுத்தினார் (2 கொரிந்தியர் 8:8).