கதினா வெடிக்குப் போன் காட்டிய 97 டெசிபல்: நம்பலாமா?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைவிழாவில் தீபாராதனை நேரத்தில் கதினா (இரும்புக் குழலில் மருந்து கெட்டித்து வெடிக்கும் வெடி) போடுவது வழக்கம். சத்தம் தாங்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னதால், நாலு மீட்டர் தள்ளி நின்று போன் செயலியில் அளந்தேன். 97 டெசிபல் வந்தது. பட்டாசுக்கே 125 வரை அனுமதி என்கிறார்கள். அப்படியானால் எங்களுடையது வரம்புக்குள்தானே? வெடிக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார், அது போதுமா?
- கன்னியாகுமரி மாவட்ட வாசகர்

பதில்: அந்த 97-ஐ வைத்துத் தயவுசெய்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது உங்கள் போனுக்கு எட்டிய அளவு மட்டுமே. கதினாவின் சத்தம் அதைவிட வெகு மேலே இருக்கும்.

கதினா வெடிப்பதைக் கிட்ட நின்று பார்த்திருப்பீர்கள். இரும்புக் குழலில் மருந்து போட்டு, மேலே செங்கல்பொடி வைத்து இறுகக் கெட்டித்து, நீளக் கம்பின் நுனியால் அடித்துளையில் நெருப்பு வைக்கிறார்கள். காதில் விழும்போதே நெஞ்சிலும் ஒரு தள்ளு விழுகிறது. அந்த அழுத்த அலையின் உச்சம் சில மில்லி விநாடிதான் நிற்கும். போன் செயலியோ பொதுவாக 125 மில்லி விநாடிக்கோ ஒரு முழு விநாடிக்கோ சராசரி எடுத்துத்தான் எண்ணைக் காட்டும். 3 மில்லி விநாடிச் சத்தத்தை 125 மில்லி விநாடியில் பரப்பினால் 16 டெசிபல் குறைந்துவிடும். ஒரு விநாடியில் பரப்பினால் 25 குறையும். இதற்கு மேல், போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. பெரிய சத்தம் வந்தால் அலையின் உச்சியை வெட்டிவிடும். பல செயலிகளில் இருக்கும் ‘ஏ’ எடையிடல் (காதுக்குக் கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளவைச் சரிசெய்யும் முறை) அடித்தொனியையும் கழித்துவிடும். கதினாவின் பலமே அந்த அடித்தொனியில்தான்!

அடுத்து அந்த 125. விதி 1999-இல் வந்தது. பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் (ஏஐ) அல்லது 145 டெசிபல் (சி) உச்சம், இவற்றைத் தாண்டக் கூடாது. ‘ஏஐ’ என்பது திடீர்ச் சத்தத்துக்கென்றே உள்ள தனி அளவீடு, உங்கள் செயலியின் எண்ணை அதோடு ஒப்பிட முடியாது. ‘சி’ என்பது அடித்தொனியை அதிகம் கழிக்காத எடையிடல், அதனால் கதினாவுக்கு ‘சி உச்சம்’ என்பதையே பாருங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை வெடிக்கத் தடை இருப்பதையும் கமிட்டியில் சொல்லுங்கள்.

அளப்பதற்கு, ‘சி உச்சம்’ பிடித்து நிறுத்தும் வசதியுள்ள ஒலிமானி வேண்டும். அது 150 டெசிபலுக்கு மேலும் தாங்க வேண்டும். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் 114 டெசிபல் தரும் அளவுத்திருத்தியை (தெரிந்த அளவில் ஒலி கொடுத்து மானியைச் சோதிக்கும் கருவி) மாட்டிச் சரிபாருங்கள். மதிலோரம் வேண்டாம், எதிரொலி கூடிவிடும். முக்காலியில் நிறுத்தி, குறைந்தது ஐந்து வெடிக்காவது தனித்தனியாக எழுதி வையுங்கள். கெட்டிப்பு மாறினால் சத்தமும் மாறும், அதனால் அதிகபட்சத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மானி தாங்கும் அளவைச் சத்தம் தாண்டியதைக் காட்டும் மிகைச்சுமை விளக்கு எரிந்தால் அந்த எண்ணை விட்டுவிட்டு 8 மீட்டருக்குப் போங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். அங்கே 137 வந்தால் 4 மீட்டரில் சுமார் 143.

இருபத்தொரு கதினா அடுத்தடுத்துப் போட்டாலும் உச்சம் ஒரு கதினாவுக்கு உள்ளதுதான். ஆனால் காது இருபத்தொரு அடி வாங்குகிறது.

எனக்கு அதிகக் கவலை வெடிக்காரரைப் பற்றித்தான். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி திடீர்ச் சத்தத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 140 டெசிபல். அவர் நிற்பது நாலு மீட்டரைவிடக் கிட்டத்தில். பஞ்சு சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பானை மெல்லியதாக உருட்டி, காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். அது விரியும்வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதன் மேல் காதுமூடியும் போட்டால் நல்லது. உட்காதில் ஒலியை உணரும் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

வெடித்த பிறகு காதில் ரீங்காரம் கேட்டாலோ, ஒரு பக்கம் அடைத்தாற்போல் இருந்தாலோ, கொடை முடியட்டும் என்று காத்திருக்காமல் மறுநாளே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அவரைக் கூட்டிப்போங்கள்.