எல்லைக் கம்பம் நட்ட செலவை வேலைக் கணக்கில் காட்டலாமா?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். நெவாடா மாநிலத்தில் 1980களில் பதிவான ஒரு சுரங்க கிளைமை (அரசு நிலத்தில் கனிமம் எடுக்கப் பதியும் உரிமை) விலைக்கு வாங்கினேன். பக்கத்து கிளைம்காரர் என் எல்லையிலிருந்த வெள்ளை பி.வி.சி. குழாய்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். கேட்டால் சிரிக்கிறார். மனம் நொந்துவிட்டது. ஜூலையில் ஆள் வைத்துப் புதர் வெட்டி, சுற்றிலும் மரக்கம்பம் நட்டதில் 1,400 டாலர் செலவு. கிளைமுக்காக ஆண்டுதோறும் மத்திய அரசுக்குக் கட்டும் பராமரிப்புக் கட்டணத்துக்குப் பதிலாக வேலை செய்கிறேன் என்று விலக்குக்குப் போன ஆண்டே எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தச் செலவை இவ்வாண்டு அசெஸ்மென்ட் வேலையாக (கிளைமைத் தக்கவைக்க ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை) காட்டலாமா? அவர்மீது வழக்குப் போடலாமா?

பதில்: காட்டாதீர்கள். 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் ஆண்டுதோறும் கேட்கும் 100 டாலர் வேலை, கனிமத்தை வெளியே எடுக்க உதவும் வேலை. பள்ளம் வெட்டுவது, துளையிடுவது, மாதிரி எடுப்பது, கிளைமுக்குப் பாதை போடுவது எல்லாம் சேரும். கம்பம் நடுவதும் எல்லையைத் துலக்குவதும் அவசியம்தான். ஆனால் அதனால் தாது ஓர் அங்குலம்கூட நெருங்கி வராது. 1,400 ஆனாலும் 14,000 ஆனாலும் இந்தக் கணக்கில் பூஜ்யம்.

அவர் சிரித்ததை மறந்துவிடுங்கள். வாய் மூடாத குழாய்க்குள் குருவிகள் கூடு தேடி இறங்கி, ஏறி வர முடியாமல் சாகின்றன. பழைய குழாயைக் கவிழ்த்தால் சிறகும் எலும்புமாகக் கொட்டும். அதனால் 2011 நவம்பர் 1 முதல் அவற்றை யாரும் பிடுங்கி அங்கேயே கிடத்தலாம் என்று நெவாடா சட்டமே சொல்கிறது. அவர் பிடுங்கியது பகையிலா, குருவிப் பாசத்திலா என்று எந்த நீதிபதியும் கேட்கப்போவதில்லை.

என் கவலை, செய்த வேலையைச் சொல்லி கவுண்டிக்கும் (மாவட்டம் போன்றது) மத்திய நில அலுவலகத்துக்கும் நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தரப்போகும் அஃபிடவிட் என்ற உறுதிமொழிப் பத்திரத்தைப் பற்றித்தான். கட்சிக்காரர்கள் பலர் விழுவது இங்கேதான். உள்ளதை உள்ளபடி ‘கம்பம், புதர்’ என்று எழுதினால் அது கவுண்டி ஆவணத்தில் ஏறிவிடும். பக்கத்துக்காரர் நகல் எடுப்பார், உங்கள் நிலத்தின் மேலேயே புதுக் கிளைம் போடுவார், உங்கள் கையெழுத்தையே உங்களுக்கு எதிராகச் சாட்சியாக்குவார். நண்பர் பேச்சைக் கேட்டு ‘பாதை சீரமைப்பு’ என்று மாற்றி எழுதினாலோ, மத்திய அரசிடம் பொய் சொன்ன குற்றம். கட்டணம் கட்டியவருக்கு இந்தத் தலைவலி கிடையாது. விலக்கு வாங்கியவருக்கு வேலைதான் கட்டணம்.

இரக்கத்தையும் எதிர்பார்க்காதீர்கள். நெவாடாவில் லாக் குடும்பத்தார் 10 கிளைம்களில் வருடக்கணக்கில் சரளை எடுத்துப் பிழைத்தவர்கள். 1980-இல் கிளைமுக்காக மத்திய அரசிடம் டிசம்பர் 30-க்குள் தர வேண்டிய ஆண்டுத் தாளை 31-இல் கொடுத்தார்கள். 1985-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒரு நாளைக்கூட மன்னிக்கவில்லை.

சரி, இவ்வாண்டு வேலையை முடிக்கச் செப்டம்பர் 1 நண்பகல் வரை நேரம் இருக்கிறது. தாது வெளித்தெரியும் இடத்தில் மண்வெட்டியால் மாதிரிப் பள்ளம் வெட்டுங்கள். கூலி ரசீது, தேதியிட்ட படங்கள் கையில் இருக்கட்டும். அஃபிடவிட்டில் அதை மட்டும் எழுதுங்கள். அப்புறம், வரும் ஆண்டுக்கு விலக்கு கேட்காமல் 200 டாலரைக் கட்டிவிடுங்கள். புதருக்கு 1,400 கொடுத்தவர் இதில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

வழக்கு? வேண்டாம். உங்கள் இருவரின் எல்லைச் சண்டையை மத்திய நில அலுவலகம் தீர்த்துவைக்காது. மாநில நீதிமன்றம்தான், வக்கீல் செலவோ கிளைமின் விலையை விழுங்கும். ஆளுக்குப் பாதி போட்டு ஒரு சர்வேயரை வையுங்கள். அவர் போடும் கோட்டுக்கு இருவரும் கையெழுத்திட்டு கவுண்டியில் பதியுங்கள். தாது ஓடாத பத்தடி அவர் பக்கம் போனால் போகட்டும். நோட்டீஸ் அனுப்பாதீர்கள், போன் செய்யுங்கள்.