வாசகர் கேள்வி – பதில்: நனைந்த தலையணையும் நிரப்பப்பட்ட படிவமும்

*பதில் அளிப்பவர்: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல ஆண்டுகள் வார்டுப் பணியிலும் மாணவியர் பயிற்சியிலும் இருந்து ஓய்வு பெற்ற செவிலியர்.*

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மதிப்பீடு, செவிலியக் கணிப்பு, திட்டமிடல், செயல்படுத்தல், மறுமதிப்பீடு என்ற ஐந்து படிகளையும் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதச் சொல்கிறார்கள். வார்டிலோ, எல்லோருடைய படிவத்திலும் ஒரே வாக்கியங்கள்தான் இருக்கின்றன. "அனுபவம் வந்தால் போதும், இதெல்லாம் பரீட்சைக்குத்தான்" என்கிறார் மூத்த செவிலியர் ஒருவர். உண்மையா? – ஒரு மாணவி, சாட்ஸ்வொர்த்

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நகல் எடுத்து நிரப்பிய படிவம் பரீட்சைக்குக்கூடப் பயன்படாது. ஆனால் அனுபவம் மட்டும் போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன். அதற்குக் காரணம் என்னுடைய தவறு ஒன்றுதான்.

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை அது. காலில் ஆறாத புண்ணுடன் சேர்க்கப்பட்டிருந்த பாட்டி ஒருவருக்கு மாலை ஐந்து மணிக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தேன். அது கிளிக்ளசைட், உணவோடு சேர்த்து எடுக்க வேண்டியது. தட்டில் கோழிக் குழம்பு வந்திருந்ததால், விரதக்காரரான அவர் அதைத் தொடவே இல்லை. சமையலறைப் பெண் தட்டை எடுத்துச் சென்றுவிட்டார். மாத்திரை உள்ளே போனதை நான் பார்த்தேன். சாப்பாடு திரும்பிப் போனதைப் பார்க்கவில்லை. இரவு ஒரு மணிச் சுற்றில் "நன்றாக உறங்குகிறார்" என்று என் கையால் எழுதி வைத்தேன். அப்போது எனக்குப் பணியில் பத்து ஆண்டுக்கு மேல் அனுபவம்.

இரண்டு மணிக்கு அவரைத் திருப்பிப் படுக்க வைக்கப் போன பயிற்சி மாணவி, தலையணை ஈரமாக இருப்பதாக வந்து சொன்னாள். அந்த இரவு குளிரானது, அறையில் மற்ற ஐந்து பேரும் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள், இவருக்கு மட்டும் ஏன் வியர்க்கிறது என்று அவள் கேட்டாள். சர்க்கரையைப் பார்த்தோம்: லிட்டருக்கு 2.3 மில்லிமோல். நான்குக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று எடுத்துக்கொள்கிறோம். எழுப்பியும் சரியாக விழிக்காதவருக்கு வாயில் எதையும் கொடுக்கக் கூடாது என்பதால், மருத்துவரை அழைத்து நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினோம், பதினைந்து நிமிடத்தில் கண் திறந்து, "மணி என்னம்மா?" என்றார். கை நடுக்கமோ படபடப்போ ஏன் இல்லை என்றால், இரத்த அழுத்தத்துக்காக அவர் எடுத்துவந்த அட்டெனொலால் என்ற மாத்திரை அந்த அறிகுறிகளை மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. அந்த மாணவி இதை அறிந்திருக்கவில்லை. பொருந்தாத ஒன்றைக் கண்டாள், விடாமல் கேட்டாள், அவ்வளவுதான்.

கதை அங்கே முடியவில்லை. கிளிக்ளசைட் போன்ற மாத்திரைகள் உடலில் நீண்ட நேரம் வேலை செய்யும், சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் இன்னும் நீளும். ஒருமுறை ஏறிய சர்க்கரை மீண்டும் இறங்கும் என்று எதிர்பார்த்து மறுபடி மறுபடி பார்த்ததால்தான், நாலரை மணிக்கு அது 3.2 ஆனதைப் பிடிக்க முடிந்தது. ஐந்தாவது படியை, அதாவது மறுமதிப்பீட்டை, பெரும்பாலோர் ஷிப்டு முடியும் நேரத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். என் கருத்தில் சிந்தனைக்கு அதிக வேலை அங்கேதான்: நான் நினைத்தது தவறாக இருந்தால் எந்த அறிகுறி முதலில் காட்டிக்கொடுக்கும், அதை எத்தனை மணிக்குப் போய்ப் பார்ப்பேன் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது.

இந்த முறை பரீட்சைக்காகப் பிறந்ததும் அல்ல. 1961இல் அமெரிக்கச் செவிலியக் கோட்பாட்டாளர் ஐடா ஜீன் ஆர்லாண்டோ வலியுறுத்தியது, நோயாளியின் நடத்தைக்குச் செவிலியர் தானாக ஒரு பொருள் கற்பித்துக்கொண்டு செயல்படக் கூடாது, அந்தப் பொருள் சரிதானா என்று நோயாளியிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதைத்தான். ஐந்து கட்டங்கள் கொண்ட படிவம் அதன் பிறகு வந்தது.

பயிற்சிக்கு ஓர் எளிய வழி உண்டு: மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். எந்த வார்டின் சார்ட்டைப் புரட்டினாலும் எல்லோரும் நிமிடத்துக்குச் சரியாக 18 முறை மூச்சுவிடும் அதிசயத்தைக் காணலாம்! நிலைமை மோசமாகத் தொடங்கும்போது பல நேரங்களில் முதலில் மாறுவது மூச்சுதான். இலக்கையும் "நோயாளி நலமடைவார்" என்று எழுதாதீர்கள். "நாளை காலை பத்து மணிக்குள் ஒருவர் கைத்தாங்கலில் கழிப்பறை வரை நடப்பார்" என்று எழுதினால், நடந்தாரா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்ல முடியும்.

என் அம்மாவுக்கு 78 வயது, நீரிழிவு உண்டு. மருத்துவமனையில் சேர்க்கப் போகிறோம். தமிழில் பேசினால்தான் அவருக்குத் திருப்தி. அங்குள்ள செவிலியர்களோ ஜூலுவும் ஆங்கிலமும் பேசுபவர்கள். நான் என்ன சொல்லி வைக்க வேண்டும்? – ஒரு மகள், ஃபீனிக்ஸ்

மாத்திரைகளை உறையோடு கொண்டுபோங்கள். விரத நாள்களையும், பாகற்காய்ச் சாறு, வெந்தயம் போன்று வீட்டில் கொடுப்பவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைவிட முக்கியமானது, அம்மா பயன்படுத்தும் சொற்களை விளக்கி எழுதிக் கொடுப்பது. "மயக்கமாக வருகிறது" என்று நம் பெரியவர்கள் சொன்னால் அது தலைசுற்றலாகவும் இருக்கலாம், பசிச்சோர்வாகவும் இருக்கலாம், நினைவு தப்புவதாகவும் இருக்கலாம். மொழிபெயர்க்கும் பேரப்பிள்ளை ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டால் செவிலியரின் மதிப்பீடு முதல் படியிலேயே வழி தவறிவிடும். நீரிழிவு உள்ள முதியவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருவதுண்டு. ஆகவே காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல், திடீர்ச் சோர்வு எதுவானாலும் "வயதாகிவிட்டது" என்று நீங்களும் விட்டுவிடாதீர்கள், அவர்களையும் விடச் செய்யாதீர்கள். "அம்மா வழக்கமாக இப்படி இருக்க மாட்டார்" என்று தயங்காமல் சொல்லுங்கள். அவருடைய வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும்.

நோயைக் கணிப்பது மருத்துவர் வேலை அல்லவா? செவிலியர் கணிப்பு என்று தனியாக எதற்கு? – ஒரு வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

இரண்டும் வேறு. நம் நாட்டில் பதிவு பெற்ற செவிலியரின் பணி வரம்பை வகுத்த 1984ஆம் ஆண்டு விதியே, உடல்நலத் தேவையைக் கண்டறிவதை அவர் பொறுப்பாகக் குறிப்பிட்டது. மருத்துவர் "பக்கவாதம்" என்று எழுதுகிறார். அதே நோயாளிக்குச் செவிலியர் "விழுங்குவதில் சிரமம், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து" என்று எழுதுகிறார். எழுதியபின், விழுங்கும் திறன் சோதிக்கப்படும்வரை, உறவினர் அன்போடு நீட்டும் தேநீர்க் கோப்பையைத் தடுத்து நிறுத்துவதும் அவர்தான்.